மலர் போடாத டிவி

2002 ஐப்பசி, செவ்வாய்.

போன மாசம் பசறைக்கு மேல தேயிலைத் தோட்டத்து லயத்துல ஒரு வீட்டுக்கு நான் பூட்டிக் கொடுத்த சோலார் ரெகுலேட்டர் பெட்டியப் பார்க்க இன்னைக்குப் போனேன். பகல்ல ஏறுற பேட்டரி விடியறதுக்குள்ள எறங்கிப் போகுதாம். எல்லாரும் தூங்கின பெறகு மருமக மலர் திருட்டுத்தனமா டிவி பார்க்குதுன்னு மாமியார் லயம் பூரா சொல்லி வச்சிருக்கு.

பெட்டியத் தொறந்ததும் எனக்கு வெளங்கிருச்சு. வெயில் போனதும் பேட்டரி கரண்டு பேனலுக்கே திரும்பி ஓடாம தடுக்கிறது டயோடு. அது கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும், மப்புக் காலத்துல அதையும் மிச்சம் புடிப்போம்னு பெரிய கெட்டிக்காரன் மாதிரி நான்தான் அதக் கழட்டிட்டு, வயர் துண்டு வச்சு ஈயம் போட்டேன்.

மலர் டீயோட வந்து நின்னுச்சு. "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. நான் டிவியத் தொடவே இல்லங்க."

வயர் துண்டைச் சட்டைப் பைக்குள்ள போட்டுட்டுப் புது டயோடு வச்சேன். "இனிமே எறங்காது"ன்னு மட்டும் சொன்னேன்.

"இனி எப்படி எறங்கும்? அதான் புடிபட்டுட்டாளே"ன்னு மாமியார் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அந்த டீயையும் குடிச்சேன்.

நாளைக்கு விடியும்போது பேட்டரி எறங்காம இருக்கும். மலர் திருந்திருச்சுன்னு சொல்லுவாங்க.