நெல் காயும் பக்கம்

16.8.1999, திங்கள்
ராஜாராம் வீட்டுச் சொர்ணவாரிப் பட்ட நெல் அறுப்பு முடிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் உத்திரமேரூர்ப் பள்ளி பாஸ்கட்பால் மைதானத்தின் வலப்பக்கம் முழுக்க நெல் காய்கிறது. சிமெண்டுத் தரை, நல்ல வெயில், வாடகை கிடையாது. பெற்றோர் சங்கத் தலைவர் என்றால் சும்மாவா? அவர் மகள் கீர்த்திதான் எங்கள் கேப்டன். இருப்பதோ ஒரே வளையம். அதற்கும் இடப்பக்கமாகவே போய்ப் போட்டுப் பழகுகிறோம். நெல்லை மிதித்தால் பாவமாம். பந்து பட்டாலே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நானும் போட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

19.8.1999
பி.டி. மிஸ் ஆண்டாளம்மாள் அணியில் கார்டாக ஆடும் எனக்கு என் வேலையை விளக்கினார். பந்தைத் தட்டிக்கொண்டு வருவது, ஆளை ஏமாற்றுவது, கடைசியில் கீர்த்தியிடம் கொடுப்பது. மிஸ் கல்லூரியில் ஆடியது கோ-கோ. இருந்தாலும் சொன்னதில் தப்பில்லை. கூட்டிப் பெருக்குவது நான், கோலம் போடுவது கீர்த்தி.

23.8.1999
முழு மைதானமும் வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டோம். அவர் ராஜாராமைக் கைகாட்டிவிட்டார். ராஜாராம் சொன்னது இது:

"மாவட்டத்துல ஜெயிச்சு கப்பு எத்துக்கினு வாங்கம்மா. வலப்பக்கம் ஒரு மணி நெல்லு கொட்ட மாட்டேன். தோத்துட்டு வந்தீங்க, அந்த வளையக் கம்பத்தையும் புடுங்கிட்டு முழுசா களமாக்கிடுவேன்."

கீர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னால் கேப்டனுக்குக் குரல் வராது. அந்தக் கம்பம் போனால் நான் எங்கே போய் ஆடுவேன்? அத்தாவின் ஜவுளிக் கடைப் பரணிலா?

26.8.1999
மழை. நெல் பத்தாம் வகுப்புக்குள் போனது. பத்தாம் வகுப்பு வராந்தாவுக்கு வந்தது.

31.8.1999
அரையிறுதியில் ஜெயித்தோம். எதிரணியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். காலைக் கூட்டத்தில் இதை வீரம் என்றார்கள்.

3.9.1999, வெள்ளி
செங்கல்பட்டில் இறுதி ஆட்டம். எதிரே தாம்பரத்துப் பெண்கள். முதல் பாதிக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள், உத்திரமேரூர்க்காரிகளுக்கு வலப்பக்கமே கிடையாது என்று. மொத்தப் பேரும் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். வலப்பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மணி நெல் இல்லை. ஆனால் கால் போனால்தானே? ச்சே, இன்னா காலு இது!

கடைசி நிமிடம். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். மிஸ் டைம் அவுட் கேட்டு, நல்லா ஆடுங்க என்றார். அரிய யோசனை. கீர்த்தி என்னைத் தனியே இழுத்தாள்.

"ஃபர்ஹானா, நீ ரைட்ல போ. அங்க நெல்லு கீதுன்னே வச்சுக்கோ. எங்க வூட்டு நெல்லுதான். நான் சொல்றேன், மிதி."

இடப்பக்கம் இரண்டடி போனேன். கூட்டமே அங்கே சாய்ந்தது. சட்டென்று வலப்பக்கம் திரும்பி ஓடினேன். என்னைக் காத்தவள் பின்தங்கிவிட்டாள். வளையத்தடியில் கீர்த்தியைக் காத்துக்கொண்டிருந்தவள் வேறு வழியில்லாமல் என்மேல் வந்தாள். அவள் வரட்டும் என்றுதானே போனேன்! அவள் கைக்கு அடியில் பந்தைத் தரையில் அடித்துக் கீர்த்திக்கு அனுப்பினேன். தனியே நின்றவள் நிதானமாகப் போட்டாள். விசில்.

அழுதுவிட்டேன். கம்பம் பிழைத்தது. நாளை பேப்பரில் கீர்த்தி பெயர் வரும். பெருக்கியவள் பெயரை எந்தக் கோலத்தில் எழுதியிருக்கிறார்கள்?

6.9.1999, திங்கள்
ராஜாராம் சொன்ன சொல் தவறாதவர். வலப்பக்கம் ஒரு மணி நெல் இல்லை. சுத்தமாகப் பெருக்கி விட்டிருக்கிறார்கள்.

நெல் இடப்பக்கம் காய்கிறது.

இனி வலப்பக்கம் பழகலாமே, அதுவும் நல்லதுதான் என்றார் மிஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கீர்த்தி பந்தை வாங்கி நெல்லின் நடுவே தட்டிப் பார்த்தாள். பந்து எழும்பவில்லை. நெல்லுக்குக் காவல் இருந்த செங்கேணி, ராஜாராம் நைனா பார்த்தால் கொன்றுவிடுவார் என்று எழுந்து வந்தாள். கீர்த்தி அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நெல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ள ஆரம்பித்தாள்.

நான் நெல்லை வாரச் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். ராஜாராம் நாளைக் காலையில் வருகிறாராம். வரட்டும், ஓரத்தில் நின்று பார்க்க இடமிருக்கிறது.