உள் 10

ஜூன் 3, செவ்வாய்

இன்று பிரஸ்ஸில் பன்னிரண்டு உத்தரம். மூங்கில் பிளாச்சுகளைப் பசை தடவி அடுக்கி, அழுத்தி, ஒரே கட்டையாக வெளியே இழுக்கும்போது இன்னமும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். இரண்டு பேர் தூக்கிவிடலாம், ஆனால் ஒரு கூரையையே தாங்கும்.

சனிக்கிழமை பள்ளியின் புது மண்டபத் திறப்பு. பாட்டுக் குழுவில் பாப்பா முன்வரிசை. "அம்மா, உன் கட்டைக்குக் கீழதான் நான் நிப்பேன்!" என்று குதித்தாள். அங்கே இருக்கிற எட்டு உத்தரமும் நான் ஒட்டியவை.

ஜூன் 4, புதன்

எழுத்து கோழி கிண்டியது மாதிரி வருகிறது.

உலர்த்தும் அறைக்கு இரண்டு மாதத்துக்கு முன் வந்த அண்ணன் — நாங்கள் வைத்த பேர் சூடண்ணன் — ஈரம் பார்க்கிற மீட்டரைப் பிளாச்சில் குத்திக்கொண்டிருந்தார். தோல் பக்கத்தில்!

"என்னண்ணே, அந்தப் பக்கம் குத்துறீங்க?"

"எந்தப் பக்கம் குத்தினா என்னம்மா? காஞ்சது காஞ்சதுதானே."

இல்லையே! தோல் பக்கம் காய்ந்ததாகத்தான் காட்டும். ஈரமெல்லாம் உள்பக்கம், சதையில் இருக்கும்.

"அப்ப எனக்கு அனுப்பற சீட்டுல ஈரத்துக்கு முன்னால 'உள்'னு எழுதறீங்களே?"

"உள் தட்டு. ரூமுல உள் தட்டு, வெளித் தட்டுன்னு ரெண்டு இருக்குல்ல?"

இவருக்கு முன்னால் இருந்தவர் 'உள்' என்று எழுதினால் உள்பக்கம். நானும் அப்படியே படித்துப் பழகிவிட்டேன்.

ஓடிப்போய்க் கோப்பைப் புரட்டினேன். இவர் உலர்த்தியதில் வெளியே போனது ஒரே ஒரு லோடு. பள்ளி மண்டபம். சீட்டில் 'உள் 10'. பத்து சதவீத ஈரம், ஒட்டலாம் என்று ஒட்டினேன். அது தோலின் பத்து. சதையில் எவ்வளவு இருந்ததோ, கடவுளே! ஈரப் பிளாச்சில் பசை பிடித்த மாதிரி நடிக்கும். அப்புறம் காய்ந்து சுருங்கும்போது விட்டுவிடும்.

ஒட்டுவதற்கு முன் நானும் ஒரு தடவை குத்திப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. அன்று பார்க்கவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன பேர் வைப்பது?

ஜூன் 5, வியாழன்

சொல்லவில்லை. கூரை ஏறி மூன்று வாரமாச்சு, ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் — வேண்டாம், எழுதவே பயமாக இருக்கிறது.

பாப்பா சமையலறையில் பாடிப் பழகினாள். நான் அவள் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா மேலயே பாக்கற? பல்லியா?"

ஜூன் 6, வெள்ளி

சொல்லிவிட்டேன். முதலாளியம்மாவின் மேசையில் சீட்டை வைத்தேன். வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்தது.

"அழாம சொல்லு. எத்தனை கட்டை?"

"எட்டும்க்கா. நான் குத்திப் பாக்காம ஒட்டிட்டேன்."

அவர் திட்டக்கூட இல்லை, உடனே பள்ளிக்குப் போன் போட்டார். மாலைக்குள் கூரைக்கு முட்டுக் கொடுத்து மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்க. கட்டை திரும்பி வரட்டும், பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்றால்? வீட்டுக்குப் போ என்றா?

"என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டியேம்மா," என்றார் சூடண்ணன்.

"என் தலையிலயும்தான் போட்டுக்கிட்டேன்," என்றேன்.

ஜூன் 7, சனி

பாப்பா பாட்டுக்கென்று எடுத்த புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "யாரோ ஒரு பயந்தாங்கொள்ளி சொன்னதாலதான் நின்னுபோச்சாம். டீச்சர் சொன்னாங்க."

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

பள்ளிக் கூரையிலிருந்து கட்டைகளை இறக்குகிறார்களாம். ஏதாவது ஒன்றாவது பழுதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சீ, என்ன வேண்டுதல் இது!

ஜூன் 17, செவ்வாய்

கட்டைகள் வந்து இறங்கின. முதலாளியம்மா ஒவ்வொன்றாகத் தட்டினார், விளிம்பெல்லாம் விளக்கடித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு... ஏழும் கணீரென்றன. எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"வீணா எல்லாரையும் கலக்கிட்டியேம்மா," என்றார் சூடண்ணன்.

எட்டாவது, மேடைக்கு மேலே இருந்தது. தட்டினால் சத்தம் மொத்தென்று வந்தது. விளிம்பில் தூசியைத் துடைத்தேன். பசைக்கோட்டில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு. நிழலா? நகத்தால் தடவினால் தெரியவில்லை. பையில் அந்தச் சீட்டு இருந்தது. அதன் முனையை அங்கே வைத்துத் தள்ளினேன்.

உள்ளே போயிற்று. முதலில் 10 மறைந்தது. பிறகு 'உள்' மறைந்தது. என் விரல் நுனிதான் வெளியே நின்றது.

சூடண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளியம்மா சீட்டை வெளியே உருவினார். "நாளையிலேர்ந்து சீட்டுல தோல், சதைன்னு எழுதணும். குத்திப் பாக்கறது நீ."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாப்பாவிடம் சொன்னேன்.

"அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான்டி."