மணற்பாதைக்கு ஏற்றிய தகடு

இன்று காலை ஜீப்பின் அடியில் படுத்து ஸ்பிறிங் தகடுகளுக்குப் பழைய எண்ணெய் பூசினேன். துருவும் எண்ணெயும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நீ போய் இத்தனை வருடமாகியும், அந்த மணத்தோடு நீதான் வருகிறாய், மச்சான்.

பாய்மரம் ஏறி இறங்கிய உன்னை, முதுகெலும்பில் வந்த நோய் வல்வெட்டித்துறை வீட்டுக் கட்டிலில் கிடத்தியிருந்த காலம் அது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உனக்கு ஒரே ஒரு ஆசை. மணற்காடு என்ற ஊரில் இருக்கும் உன் அக்காவைப் பார்க்கவேண்டும். உன் சொல்லைக் கேளாமல் அவர் கல்யாணம் செய்த நாளிலிருந்து நீ அந்த வாசலை மிதித்ததில்லை.

"அக்காவை இங்கை கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

"வேண்டாம். பிழை விட்டவன் நான். நான்தான் போகவேணும்."

வல்லிபுரத்துக்கு அப்பால் தார் றோட்டு இல்லை. மணலும் கல்லும் பள்ளம் கிடங்கும்தான். என் ஜீப்போ வெங்காய மூடைகள் ஏற்றி ஏற்றி, ஸ்பிறிங் தளர்ந்து தாழ்ந்துபோயிருந்தது. அச்சுவேலியில் கராஜ் வைத்திருந்தவர் குனிந்து பார்த்தார். "இன்னொரு தகடு வைச்சால் உயரும், அடி முட்டாது. ஆனா விறைச்சுப் போம். சின்னக் கல்லும் முதுகிலை தெரியும். வைக்காட்டில் மெத்தை மாதிரி ஓடும், மணலிலை புதைஞ்சால் நான் பொறுப்பில்லை."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எப்படிச் செய்தாலும் நோகப்போவது உனக்கு. கடைசியில் உன்னிடமே வந்து கேட்டேன். நீ சிரித்தாய்.

"புதைஞ்சு நிண்டால் என்ன செய்வாய்? என்னைச் சாக்கிலை கட்டித் தூக்குவியோ? தகட்டை வை."

வைத்தேன். பின்பக்கம் மெத்தை விரித்து உன்னைப் படுக்கவைத்தேன். தார் றோட்டு முடியும்வரை நீ பழைய துறைமுகக் கதைகள் சொல்லிக்கொண்டே வந்தாய். மணல் தொடங்கியதும் பேச்சு நின்றது. வண்டி புதையவில்லை, அடியும் முட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் உன் உடம்பு துள்ளி விழுந்தது. தலையணை நுனியைக் கடித்துக்கொண்டாய். ரயரில் காற்றைக் குறைத்தேன், ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினேன். பலனில்லை.

வெள்ளை மணல்மேடு தெரிந்தபோது பின்னாலிருந்து உன் குரல் கேட்டது.

"திருப்பு மச்சான். ஏலாது."

"இந்தா, அந்த மேட்டுக்கு அங்காலைதான் அக்கா வீடு."

"திருப்படா."

எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்? கடல் இரைவது கேட்டது. உன் கண்ணோரம் வழிந்ததை நீ துடைக்கவுமில்லை.

"வந்து திரும்பினது அக்காவுக்குத் தெரியவேண்டாம். கேட்டால் தாங்கமாட்டா. சுகமானாப் பிறகு நான் நடந்தே போவன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

நீ பிறகு எழும்பவேயில்லை. செத்தவீட்டன்று அக்காவை ஏற்றிவர நானே போனேன். அத்தான், பிள்ளைகள், அயலவர்கள் என்று ஜீப் நிறைந்துவிட்டது. திரும்பும்போது அதே கற்களின் மேல் வண்டி தோணிபோல மிதந்தது. பாரம் இருந்தால் விறைத்த தகடும் இளகிக் கொடுக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு உன் மெத்தையைச் சுற்றி நாலைந்து மணல் மூடைகளை அடுக்கியிருந்தால்? மூடை ஏற்றியே பிழைக்கும் எனக்கு அது தோன்றாமல் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த அக்கா அழுது ஓய்ந்தபின் மெல்லச் சொன்னார்: "குலுங்காமல் ஓடுது தம்பி. உன்னட்டை இப்பிடி ஒரு வண்டி இருந்தும், என்னை வந்து பார்க்க அவனுக்கு ஒருநாளும் மனம் வரேல்லையே."

சொல் என் வாய்வரை வந்தது. உனக்குச் செய்த சத்தியம் அதை மறித்தது.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் அக்கா தேத்தண்ணி தராமல் விடமாட்டார். "அவன் என்னைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையோ தம்பி?" என்று கேட்பார். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தியத்தை விட்டுவிடு என்று சொல்ல உன்னால்தான் முடியும். நீ இல்லை.