தண்டனை முடிந்த பிறகு

மே 6, செவ்வாய்

காலையில் மூன்று லிப்ட் சர்வீஸ். மதியம் அவசர அழைப்பு. ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள். வழக்கமாக நான் போய்ச் சேர்வதற்குள் யாராவது கதவை உதைப்பார்கள், யாராவது அழுவார்கள், யாராவது எங்கள் கம்பெனியை வண்டி வண்டியாகத் திட்டுவார்கள். இவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கை தட்டி. மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பாட்டும் கயிற்றோடு சேர்ந்து மேலே ஏறி வந்தது.

ஏழாம் மாடிக்கு இறங்கி வந்து கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தவர் பேக்கரி வைத்திருப்பவராம். என் வயதுதான் இருக்கும். "நல்லவேளை வந்தீங்க பிரதர், எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் தீர்ந்துபோச்சு." சிரித்தார். சிரிப்பா அது, பட்டாசுக் கட்டு. ஏழாம் மாடியில் ஓர் அறையில் இவர்கள் வாராவாரம் ஜெபக் கூட்டம் நடத்துகிறார்கள். கிரீஸ் கையோடு நின்றவனை உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்தார்.

பத்து நிமிடம் என்று உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் இருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் எதையும் கும்பிட்டதில்லை. பிறகு ஏன் இருந்தேன்?

மே 8, வியாழன்

அந்த மெட்டு ஒட்டிக்கொண்டது. ஸ்பேனரைத் தேடும்போதுகூட அதே மெட்டுதான்.

மே 13, செவ்வாய்

மறுபடி போனேன். லிப்டில் கோளாறு எதுவும் இல்லை. இருப்பதாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

கூட்டம் கலைந்ததும் பேக்கரிக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. இங்கேயும் எழுதிவிடுகிறேன், இதுவரை எழுதியதே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் குடித்துவிட்டுக் கார் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் தங்கை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு. "அண்ணா, சாவியைக் கொடு, நான் ஓட்டுறேன்" என்று இரண்டு தடவை கேட்டாள். கொடுக்கவில்லை. நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் போய் மோதினேன். எனக்கு நெற்றியில் நான்கு தையல். அவளுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கோர்ட் எட்டு மாதம் சிறை கொடுத்தது. அது முடிந்தது. நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது முடியவில்லை. வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகாமல் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அவள் ஒரு வருடம் போன் செய்து பார்த்தாள். எந்த முகத்தோடு எடுப்பது? அம்மாவிடம் மட்டும் மாதம் ஒருமுறை "நல்லா இருக்கியா", "இருக்கேன்". குடியை அன்றோடு விட்டேன். கூடவே சிரிப்பு, நல்ல சட்டை, கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் விட்டேன். தினமும் காலையில் என்னை நானே ஒரு கெட்ட வார்த்தையில் கூப்பிட்டுத்தான் எழுப்புகிறேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடுங்க" என்று அவர் சொல்வார், எழுந்து போய்விடலாம் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "பெரிய தப்புதான் பிரதர். அதனாலதான் அதைத் தன்மேல எடுத்துக்கிட்டு இயேசு சிலுவையில செத்தாரு. சின்னத் தப்புன்னா அவருக்கு அங்க என்ன வேலை?"

மே 14, புதன்

கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. மதியம் அவருக்கே போன் போட்டுக் கேட்டேன்: "எனக்கு மன்னிப்பு கிடைச்சிருச்சுன்னு நான் நிம்மதியா இருந்துட்டா, அவ காலுக்கு என்ன மரியாதை?"

அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார்.

"யோசிச்சுப் பார்த்தேன் பிரதர். அவரு ஒருதடவை சிலுவையில ஏறினது போதாதுன்னு நீங்க தினமும் காலையில ஏறுறீங்க. யாருக்காக ஏறுறீங்க? உங்க தங்கச்சி ஏறச் சொன்னாங்களா?"

போனை வைத்துவிட்டு அடுத்த லிப்டுக்குப் போனேன்.

மே 22, வியாழன்

இன்னும் சாப்பிடவில்லை, முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

இன்று ஒரு மருத்துவமனை லிப்டின் அடிக்குழியைச் சுத்தம் செய்தேன். எண்ணெய்க் கசடு, பழைய ரசீதுகள், ஒற்றைச் செருப்பு. வேலையை முடித்துவிட்டு ஏணியைப் பிடித்தேன், ஏற முடியவில்லை. குழியிலேயே மண்டியிட்டுவிட்டேன். பேசத் தெரியாமல் பேசினேன். "ஆண்டவரே, நான்தான் பண்ணேன். சாவியைக் கேட்டா, குடுக்கல. மழை இல்ல, ரோடு நல்லாத்தான் இருந்தது, நான்தான். இத என்னால தூக்க முடியல. நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு சொல்றாங்க. அது நிஜம்னா எடுத்துக்கோங்க."

வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை. ஆனால் ஆறு வருடமாக நெஞ்சில் இறுகியிருந்த பிடி— எப்படி எழுதுவது— விட்டது. விட்டேவிட்டது. குழந்தை மாதிரி அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது. மேலேயிருந்து காவலாளி எட்டிப் பார்த்து "என்ன ஆச்சு, அடிபட்டுச்சா?" என்றார். "இல்லண்ணே, நல்லா இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், பொய் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

சபைக்குப் போனேன். புதுச் சட்டை. ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று, ஜூன் 22.

மே 29, வியாழன்

வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது அம்மா இல்லை.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா? ஆறு வருஷமா அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

குரல் மாறவே இல்லை. "உன்னைப் பார்க்கணும், நேர்ல மன்னிப்பு கேக்கணும்" என்றேன். "சனிக்கிழமை எனக்கு வேலை இல்ல" என்று வைத்துவிட்டாள். எந்தச் சனிக்கிழமை? மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. சரி, எனக்கு வேண்டியதுதான். பேக்கரிக்காரரிடம் சொன்னபோது கடையே அதிரச் சிரித்தார். "வரச் சொல்லிட்டாங்க பிரதர், அப்புறம் என்ன, நாள் நட்சத்திரமா பார்க்கணும்?"

ஜூன் 7, சனி

போய்விட்டு வந்தேன். பேருந்தில் நான்கு மணி நேரமும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கை அம்மாள், "பாத்ரூம் போகணுமாப்பா, வண்டியை நிறுத்தச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டார்.

தங்கை கதவைத் திறந்தாள். நீளப் பாவாடை, நேரான நடை. பார்த்தால் செயற்கைக் கால் என்று தெரியவே தெரியாது. அவள் இப்போது பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். அம்மா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் பயிற்சி செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "நீ சாவி கேட்டே. நான் குடுக்கல. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு கொட்டினாள். "காலு ஒரே நாள்ல போச்சு. அழுதேன், முடிஞ்சுது. நீ தினமும் போனே. முதல் தடவை செயற்கைக் காலு மாட்டி நடந்தப்போ எதிர்ல நின்னு கையப் பிடிக்க யாரு இருந்தா? நர்ஸு. உனக்கு வெட்கம்னு நீ ஓடிப்போயிட்டே. எனக்கு காலும் இல்ல, அண்ணனும் இல்ல."

இது என் மண்டையில் ஒருநாளும் ஏறியதில்லை. நான் அவளுக்காகத்தான் என்னைத் தண்டித்துக்கொள்கிறேன் என்றல்லவா இருந்தேன்! அந்தத் தண்டனையை அனுபவித்தவள் அவள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அலமாரிக் கதவு ஆடுது. அடுத்த தடவை வரும்போது ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வா" என்றாள். அடுத்த தடவை! அந்த இரண்டு வார்த்தையை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 11, புதன்

இன்று பழையபடி. எழுந்ததும் அந்தக் கெட்ட வார்த்தை தானாக வந்தது. ஆறு வருடம் அவளைத் தனியாக விட்டவன்டா நீ, உனக்கெல்லாம் எதுக்குடா ஞானஸ்நானம்?

வாய்விட்டே பதில் சொன்னேன்: "ஆமா, விட்டேன். அதையும் ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு." எழுந்து முகம் கழுவி வேலைக்குப் போனேன். பத்து மணி வாக்கில் அது போயிருந்தது. எப்போது போனதென்று கவனிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தண்ணீர் அப்படி ஒரு குளிர். போதகர் என்னை முக்கித் தூக்கியதும் முதலில் கேட்டது பேக்கரிக்காரரின் சிரிப்பு. அப்புறம் எல்லோருடைய கைத்தட்டல். அம்மா முன் வரிசையில் இருந்தாள். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. "எம்மவன் தலை துவட்ட துண்டு எங்க?" என்பதுதான் அவள் கவலை.

தங்கை வரவில்லை. "போயிட்டு வா, எப்படி இருந்ததுன்னு சொல்லு" என்று அம்மாவை அனுப்பியிருந்தாளாம். அம்மா என்ன சொல்லப்போகிறாள்? துண்டு சின்னதாக இருந்தது என்று சொல்வாள்.

என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. மூன்று மைல் சும்மா நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஜூலை 5, சனி

மூன்றாம் முறையாக வீட்டுக்குப் போனேன். வெயில் அதிகம். தங்கைக்குச் செயற்கைக் கால் அழுத்தி வலித்திருக்கிறது. என் எதிரிலேயே உட்கார்ந்து கழற்றினாள். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"இங்க பாரு" என்றாள்.

பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண். நுனியில் தையல் தழும்பு, பக்கவாட்டில் சிவந்த புண். மனம் பழைய இடத்துக்கு ஓடப் பார்த்தது. ஆண்டவரே, ஓட விடாதீங்க. அவள் மருந்துக் குழாயை நீட்டினாள். வாங்கித் தடவினேன். பஞ்சு மாதிரி மென்மையாக, வெதுவெதுப்பாக இருந்தது, என் தங்கையின் கால்.

"கூசுது, மெதுவா" என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "உன்மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. ஆனா முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

"இருக்கட்டும். நான் இங்கதான் இருப்பேன்" என்றேன்.

ஜூலை 21, திங்கள்

விடுப்பு எடுத்தேன். புதுக் கால் அளவெடுக்கத் தங்கையோடு கிளினிக் போனேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். 'அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்.' அங்கே வழக்கமாக அம்மாவைத்தான் போடுவாளாம்.

என்னைக் கேட்கவில்லை. என் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் உறவு என்றிருந்தது. அண்ணன் என்று எழுதி, பேனாவை என்னிடம் கொடுத்து, "நம்பரை நீயே போடு" என்றாள்.