என் பெயரில் ஒரு கடன்

மார்ச் 3, திங்கள்
கார் லோன் கிடைக்கவில்லை. போன் செய்த பேங்க்காரரிடம் காரணம் கேட்டேன். “உங்க கிரெடிட் ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்க” என்றதோடு சரி. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவையறையில் மற்றவர்கள் முன்னால்தான் போன் வந்தது. முகத்தைத் துண்டுக் குவியலுக்குள் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 6, வியாழன்
ரிப்போர்ட் வந்துவிட்டது, என் கடன் கணக்கெல்லாம் போட்ட பட்டியல். என் பெயர், பிறந்த தேதி, ஆபர்னில் இருந்த பழைய வீடு எல்லாம் சரி. கீழே கேள்வியே படாத ஒரு நிதி நிறுவனம், என் பெயரில் கடன் கொடுத்திருக்கிறது! போன வருஷம் மே மாதத்தில் தொடங்கிய கணக்கு. ஒரு மாதம் தவணை கட்டவில்லையாம்.

மே. லோசா எங்கள் ஊர் ஆபியாவிலிருந்து இங்கே எங்கள் வீட்டுக்கு வந்த மாதம். சிம் வாங்க வேண்டும் என்று என் லைசென்ஸை வாங்கிக்கொண்டு போனாளே, அதே மாதம். என் புருஷன் ஈலியாவின் தங்கை. கேட்பதா, வேண்டாமா?

மார்ச் 9, ஞாயிறு
கேட்டுவிட்டேன். சர்ச் முடிந்து எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பாதிரியாரின் மனைவி டாரோக் கிழங்குத் தட்டைக் கையில் பிடித்திருந்தபோது. “என் லைசென்ஸ வெச்சு என்ன வாங்கின?” என்று.

லோசா கத்தவில்லை. “அண்ணி, உங்க சோத்தத் தின்னேன். உங்க பேரத் தின்னல” என்றாள். பையை எடுத்துக்கொண்டு பிளாக்டவுனில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ஈலியா என்னோடு பேசவில்லை. பேசாட்டி போகட்டும். அவர் தங்கச்சின்னா கேக்கவே கூடாதா?

மார்ச் 12, புதன்
ரிப்போர்ட் கொடுத்தவர்களுக்கு போன் செய்தேன். மோசடி என்று புகார் எழுதிக்கொள்ளச் சொன்னேன். போனில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள்: “அந்த மாசம் வட்டியில்லாத் தவணையில ஏதாவது சாமான் எடுத்தீங்களாம்மா? ரிப்போர்ட்ல அது கடைக்காரர் பேர்ல வராது. அவங்களுக்குப் பின்னால பணம் போடுற கம்பெனி பேர்லதான் வரும்.”

லோசாவின் கட்டிலில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். எழுந்துவிட்டேன்.

அந்தக் கட்டில்தான். அவள் வருகிறாள் என்று நானே போய் வாங்கினேன், நானே கையெழுத்துப் போட்டேன். கடை பெயர் மட்டும் போட்ட அட்டையைக் காட்டித்தான் மாதாமாதம் கட்டுகிறேன். டிசம்பரில் சொந்தக்காரர் சாவு வீட்டுக்குப் பணம் போனதால் கட்டாமல் விட்டதும் நான்தான்.

லோன் கிடைக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாமாம். ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டில் பதிவாகி என் மதிப்பைக் குறைத்திருக்கிறது. படிக்கத் தெரியாமல் படித்துவிட்டு ஒருத்தியைத் திருடி என்றேனே! வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

மார்ச் 14, வெள்ளி
“நீங்க போய்ச் சொல்லுங்களேன்” என்றேன். “திட்டினது நீ. என்னத் தூது அனுப்பாத” என்றார் ஈலியா.

மார்ச் 16, ஞாயிறு
அதே மேசை, அதே ஆட்கள். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: “கடன் என்னுது. லோசா மேல தப்பே இல்ல.” பாதிரியாரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காக அவள் கூசியதுதான் தாங்கவில்லை.

பிறகு பிளாக்டவுன். ஊரில் என்றால் மன்னிப்புக் கேட்பவர், நல்லது கெட்டதுக்குக் கொடுக்கும் நல்ல பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார வேண்டும். மன்னிக்கிறவர் வந்து எடுக்கும்வரை அசையக் கூடாது. எங்களிடம் இருந்த நல்ல பாய் டிசம்பர் சாவுக்கே போய்விட்டது. அந்தக் கட்டிலின் விரிப்பைப் போர்த்திக்கொண்டு அந்தத் தோழி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். வெகுநேரம் வீட்டுக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. படியேறிப் போனவர்களின் செருப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்திரிங்க அண்ணி. பேய்னு யாராச்சும் போலீஸக் கூப்பிடப் போறாங்க.”

விரிப்பை எடுத்தாள். மடித்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு
லோசா இனி அங்கேயேதான் இருப்பாளாம். நேற்று ஈலியா கட்டிலைக் கழற்றிக்கொண்டு போய் அவள் அறையில் பொருத்திக் கொடுத்தார். தவணை நான் கட்டுகிறேன்.

இன்று சாப்பிட வந்தாள். மேசைமேல் என் லைசென்ஸை மறந்து வைத்திருந்தேன். அவள் அதை எடுத்து என் கையில் கொடுத்து, “பத்திரமா வைங்க அண்ணி” என்றாள்.

சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.