சாதனை படைத்த மூன்று நாட்கள்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இம்மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு, மாமா தலைமையில், நம் சமையலறையில் ஒரு கூட்டம் நடைபெற்றது. நானும் பாப்பாவும் கலந்துகொண்டோம். இனி இந்த வீட்டில் பாப்பாவின் பள்ளிச் சீருடையைத் தவிர வேறெந்தத் துணிக்கும் இஸ்திரி போடுவதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது. வெள்ளைச் சட்டைகளுக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. கொண்டுவந்தவர் தலைவரேதான். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அது தோற்றது. அன்றிரவு தலைவர் தம் சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார்.

இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட் இழுக்கிறது என்று நீங்கள் அங்கிருந்து மூன்று முறை செய்தி அனுப்பியதன் பலன் இது.

உங்களைக் குறை சொல்லவில்லை. விடுப்பில் வந்த இரண்டே மாதத்தில் மாடியில் சோலார் பலகை, ஸ்டோர் ரூமில் பேட்டரி என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் போனீர்கள். மின் அலுவலகத்துக்கு நீங்களும் உங்கள் அப்பாவும் போன கதையை மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "இனிமே உங்க கம்பி எங்க வீட்டுக்கு வேண்டாம்" என்று அவர் முழங்கியதும் அந்தக் குமாஸ்தா அதிர்ந்துபோனதாகச் சொல்கிறார். குமாஸ்தா தலையைத் தூக்காமல் "இங்க ஒரு கையெழுத்து" என்று சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். நான் இருவரையும் நம்புகிறேன்.

தெருவில் கரண்ட் போனால் மாமாவுக்கு அன்று கல்யாணம். குளியலறை உட்பட எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் உருகும் ஐஸ்கிரீமுடன் நம் ஃபிரிட்ஜுக்கு அடைக்கலம் கேட்டு வந்தபோது, "வைங்க, நமக்கென்ன, சூரியன் பொதுச்சொத்து" என்றார்.

நீங்கள் கைப்பேசியில் நம் வீட்டு மின்சாரச் செலவு ஏறி இறங்கும் கோட்டைப் பார்க்கிறீர்கள். மிக்ஸி ஒரு முள், வாஷிங் மெஷின் ஒரு மேடு. "மூணு பத்துக்கு எண்ணூறு வாட், யாரு?" என்று போன மாதம் கேட்டீர்கள். உங்கள் அக்கா. காப்பி போடக் கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். அக்கா வந்த செய்தியை விவரமாகச் சொல்ல இருந்தேன். நீங்கள் வாட்டைக் கேட்டதால் வாட்டுக்கு மட்டும் பதில் சொன்னேன். போனில் பேசும்போதும் உங்கள் கண் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

பதினாறாம் தேதி உங்கள் பாராட்டுச் செய்தி வந்தது. "மூணு நாளா ஒரு யூனிட்டைத் தாண்டலை. சாதனை. இப்படியே இருங்க" என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று நாளும் வீடு பூட்டியிருந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா உங்கள் அக்கா வீட்டில் இருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் மாமாவின் கட்டில் பக்கத்தில் இருந்தேன்.

உற்பத்தி நாலு சதவீதம் குறைந்திருக்கிறது, தூசியாக இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்தினம் மாமாவுக்கு எழுதியிருந்தீர்கள் அல்லவா? நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வாளியோடு மாடிக்கு ஏறியிருக்கிறார். துடைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார், அதில் குறை இல்லை. பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவரைப் பல் டாக்டர் தம் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"அவன்கிட்ட சொல்லாதேம்மா, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்" என்றார் மாமா. சொல்லவில்லை. அதன் பிறகு வார்டின் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். உங்கள் பாராட்டை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "பாத்தியா, நாம இல்லாட்டி வீடு எவ்வளவு சிக்கனமா நடக்குது" என்றார்.

நுரையீரல் பழுதுபட்டிருக்கிறது என்கிறார் டாக்டர். இப்போது ஆபத்தில்லை. ஆனால் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓட வேண்டும். நிற்காத கரண்ட் இருக்கிறது என்று நான் சொன்னால்தான் அனுப்புவாராம். மெஷின் முந்நூற்றைம்பது வாட். வெயில் இல்லாத பதினான்கு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து யூனிட். நம் பேட்டரி கொள்ளுவதே ஐந்து; ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் எதுவும் மிஞ்சாது. மாமா இந்தக் கணக்கை மாத்திரை அட்டையின் பின்பக்கம் மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் அதே விடைதான் வந்தது. "ராத்திரியில ரெண்டு மணி நேரம் மூச்சை நிறுத்தி வச்சா சரியாயிடும்" என்றார். நர்ஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் அவராகவே மின் இணைப்புக்கு விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னார். வீடு அவர் பெயரில்தானே இருக்கிறது. "அவனுக்கு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார். நான்கு நாளாகப் பக்குவம் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். தோற்றுப்போய்ப் பிள்ளை முன்னால் நிற்பதாக நினைக்கிறார். பலகைகள் எங்கேயும் போகவில்லை, பகல் முழுக்க அவைதான் வீட்டை நடத்தப்போகின்றன என்று நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் மருமகள் சமாதானம் சொல்கிறாள் என்பார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வார்டில் போன் பேசலாம். யூனிட்டைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள். விடுப்புக் கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்க மாட்டார். பாப்பா மட்டும் தினமும் கேட்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் நம் எல்லோருக்கும் மூச்சுக்குக் குறை வைக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா

பின்குறிப்பு: விண்ணப்பத்தில் "இணைப்பு எதற்காக" என்ற இடத்தில் மாமா "சுவாசிக்க" என்று எழுதியிருந்தார். குமாஸ்தா அதை அடித்துவிட்டு "வீட்டு உபயோகம்" என்று போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை கம்பி இழுக்கிறார்கள்.