நீ ஏன் ஒத்துக்கொண்டாய்?

எருசலேம், செவ்வாய்.

அன்புள்ள அஸ்ரியேலுக்கு எலியாவ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் எல்லோரும் நலம் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை.

மழை நன்றாகப் பெய்கிறது, கூரையும் நன்றாக ஒழுகுகிறது. என் மனைவி மஸால் எலுமிச்சை ஊறுகாய் போட்டு உங்களுக்கு ஒரு ஜாடி எடுத்து வைத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் உனக்கு ஒரு கண்ணி வைத்தேன். சோதோம் ஊரைக் காப்பாற்றக் கடவுளிடம் 'ஐம்பது நல்லவர் இருந்தால் விட்டுவிடு' என்று தொடங்கிப் பத்து வரை பேரம் பேசிய ஆபிரகாம், அதே கடவுள் அவன் சொந்த மகனைப் பலி கேட்டபோது வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் உயர்ந்த பக்தி என்று எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே மேஜையில் வேதம் படித்தோம். இந்தப் பேச்சை எடுத்தாலே நீ மேஜையைத் தட்டி, "அடப் போடா! வாய மூடிக்கிட்டா பக்தியா? அது பயம்டா. உரிமை இருக்கறவன்தான் அவர்கிட்ட சண்டை போடுவான்" என்று கத்துவாய். டீ கொட்டும். இப்போது 'நீ சொல்வதே சரி' என்று ஒரே வரி எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்துதானா என்று இரண்டு முறை பார்த்தேன்.

உன் கடிதத்தின் அடியில் உன் மனைவி திர்சா எப்போதும், "ரெண்டு பேரும் சண்டைய விட்டுட்டு முதல்ல சாப்பிடுங்க" என்று எழுதுவாளே, மூன்று கடிதமாக அதைக் காணோம். அவளுக்கு வேலை அதிகம் என்கிறாய். யாரிடம் கதை விடுகிறாய்? என் மைத்துனன் ஒவதியா உங்கள் ஹைஃபா ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுபோகிறவன். பெண்கள் வார்டு வாசல் பெஞ்சில் மூன்று வாரமாக உன்னைப் பார்க்கிறானாம். கேட்டதற்கு, "சும்மா காத்து வாங்க வந்தேன்பா" என்றாயாம். ஆஸ்பத்திரிக்குக் காற்று வாங்கப் போகிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கையில் ஜெபப் புத்தகம்கூட இல்லையாம். அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

கடவுளோடு பேச்சை நிறுத்திவிட்டாயா? கோபம் என்றால் திட்டு. மோசே அவரிடம் பேசாத பேச்சா? தாங்கிக்கொள்வார். ஒத்துப்போக மட்டும் செய்யாதே, அஸ்ரியேல்.

சனிக்கிழமை ஓய்வுநாள் முடிந்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன். அதற்கு முன் பதில் போடு. என் முட்டாள்தனத்தைக் கிழித்து நாலு வரியாவது அதில் இருக்க வேண்டும்.

அவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். உனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லையென்றால் இந்த ஓய்வுநாள் ஜெபத்தில், சபையில் எல்லோர் முன்னாலும், உனக்காக நான் அவரோடு போடுகிறேன். ஆனால் நம் வழக்கப்படி நோயாளிக்காக வேண்டிக்கொள்ளும்போது அவருடைய தாயின் பெயரையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. திர்சாவின் அம்மா பெயர் என்ன?

உன் எலியாவ்